மைக்கில் வந்த பெயர்

அத்தியாயம் 11

போன வாரம் டைட்டஸ் வாத்தியார் செய்த காரியத்தைப் படித்துவிட்டு என்னைத் திட்டியவர்கள் இரண்டு கட்சி. 'ஒரு நல்ல மனுஷனை இப்படியா காட்டுவது?' என்று ஒரு கட்சி. 'அந்த ஆளை இன்னும் நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டாமா?' என்று இன்னொரு கட்சி. இரண்டு பேருக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. கெட்டவன் அக்கிரமம் செய்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டுவிடலாம். நல்லவன் செய்தால் அவன் ஜெபம் முடிகிறவரை கை கட்டி நிற்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் படிக்காதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. அதில் மேல்தோல் தைக்கிற லைனுக்குப் பொன்மலர் சூப்பர்வைசர். அதே லைனில் மெஷின் ஓட்டுகிறவள் நிஷா. இருவருக்கும் எதிரெதிர் வீடு. பொன்மலர் யாரிடமும் போய் இயேசு என்று பேச்செடுத்தவள் இல்லை. டிபன் டப்பாவைத் திறக்கும்முன் அரை நிமிஷம் கண்ணை மூடுவாள், அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நிஷா ஒருநாள் தானாகவே கேட்டாள். "இன்னாக்கா சொல்வீங்க அந்த நேரத்துல?" அதிலிருந்து பேச்சு வளர்ந்தது. கடைசியில் யாரிடமும் சொல்லாததை நிஷா அவளிடம் சொன்னாள். குழந்தை இல்லாததற்குக் காரணம் தான் இல்லை, தன் புருஷன் ராஜேஷின் உடம்பில்தான் குறை, வேலூரில் டாக்டர் சொல்லிவிட்டார் என்று. "உங்க சாமிகிட்ட எனக்காகச் சொல்லுங்கக்கா" என்றாள்.

பொன்மலர் சாமியிடம் சொன்னாள். அதோடு நிறுத்தாமல் புருஷன் டைட்டஸிடமும் சொன்னாள்.

டைட்டஸ் வீட்டு வாசலில் சனிக்கிழமை தொடங்கி மூன்று மாலை ஜெபக் கூட்டம். பந்தல், நாற்காலி, இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ். ஜெபக் குறிப்பு சொல்லும்போது ஊரோடும் பேரோடும் சொல்வது அவர்கள் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலை டைட்டஸ் மைக்கைப் பிடித்தார். "எதிர்வீட்டு சகோதரன் ராஜேஷின் சரீரத்தில் உள்ள குறையை நீக்கும் ஆண்டவரே! டாக்டர்கள் கைவிட்டதை நீர் செய்யும்! சகோதரி நிஷாவின் கர்ப்பத்தைத் திறந்தருளும்!"

ஆட்டோவை நிறுத்திவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ராஜேஷ், அதை முழுதாகக் கேட்டான். தெருவும் கேட்டது.

இனி, திங்கட்கிழமை.

* * *

விடிந்ததும் விடியாததுமாக எதிர்வீட்டு சுந்தரியம்மாள் தெருவுக்கு வந்துவிட்டாள். ராஜேஷைப் பெற்றவள். கையில் விளக்குமாறு இருந்தது. ஆனால் ஒரு குப்பையும் கூட்டப்படவில்லை.

"என் புள்ளைக்குக் கொறையாம்! எவன்டா சொன்னது? இத்தன வருஷமா என் மருமவ வயிறு தொறக்கல, அதக் கேக்க நாதியில்ல, என் புள்ள மேல பழி போட வந்துட்டானுங்க! எதுக்கு? எங்கள மதம் மாத்தத்தான? நடக்காதுடா! இன்னிக்கு அந்த மைக்கு பேசட்டும், நான் பாக்கறேன்!"

வீட்டுக்குள் டைட்டஸ் நிதானமாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். உதவி பெறும் பள்ளியில் கணக்கு வாத்தியார். முப்பத்தைந்து பிள்ளைகள் கத்தினாலும் அசையாத காது.

"ஏங்க, காதுல விழுதா?" என்றாள் பொன்மலர்.

"விழுது. ஊழியம்னா எதிர்ப்பு இருக்கும்."

"ஊழியமா? நீங்க பண்ணது ஊழியமா?"

"பின்ன? பேர் சொல்லாம ஜெபம் பண்றது ஒரு ஜெபமா? யாருக்குன்னு கூட்டத்துக்குத் தெரிய வேணாமா? அம்பது பேர் ஒருமனமா கேட்டா ஆகாதா?"

"ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியாதா? அவருக்கு ஸ்பீக்கர் வெச்சாதான் கேக்குமா?"

டைட்டஸ் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "இங்க பாரு பொன்னு. அவன் கேக்கணும்னுதான் ஒரு பாக்ஸ அந்தப் பக்கம் திருப்பி வெச்சேன். தன் பேர் ஜெபத்துல வருதுன்னா அவன் மனசு உடையும். கூட்டத்துக்கு வருவான். எத்தனையோ பேர் அப்பிடி வந்திருக்காங்க."

வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் இரவெல்லாம் பொன்மலர் அவரை மன்னிக்கப் பார்த்திருந்தாள். இந்த மனுஷன் பாக்ஸைத் திருப்பி வைத்திருக்கிறார்!

அவள் தோளில் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ராஜேஷின் ஆட்டோ வாசலிலேயே நின்றது. சவாரிக்குப் போகவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ ஏதோ கேட்டுச் சிரித்திருக்கிறார்கள், ராத்திரியே அவன் சண்டை போட்டுத் திரும்பியிருக்கிறான் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். ராஜேஷ் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். பொன்மலர் நின்றாள்.

"ராஜேஷு..."

"போங்கக்கா." அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "அசிங்கமா எதுனா சொல்லிடப் போறேன். போய்டுங்க."

* * *

கம்பெனியில் அன்று நிஷா வழக்கமான மெஷினில் உட்காரவில்லை. சூப்பர்வைசர் மேஜைக்கு ரொம்பத் தள்ளி, கடைசி வரிசையில் ஒரு பழைய மெஷினைப் பிடித்துக்கொண்டாள். அது நூலை அறுக்கும். பரவாயில்லை என்று அதையே ஓட்டினாள்.

லைனில் விஷயம் வந்து சேர்ந்திருந்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இதே கம்பெனிதானே. ஜெபத்தில் ஆமென் சொன்ன வாயாலேயே காலையில் பஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள்.

பொன்மலர் நடந்து வந்தால் பேச்சு நின்றது. அவள் தாண்டிப் போனால் மறுபடி தொடங்கியது. இத்தனை வருஷத்தில் இந்த லைனில் அவளிடம் அழாத பெண் இல்லை. புருஷன் அடித்தவள், பிள்ளை ஃபெயிலானவள், எல்லாரும் அவள் மேஜைக்குத்தான் வருவார்கள். இன்று ஒருத்திகூட வரவில்லை.

அக்தரி பேகம் மட்டும் வந்தாள். தோல் துண்டுகளுக்கு ஓரம் மடிப்பவள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பொன்மலரு, என் மருமவனப் பத்தி போன மாசம் உங்கிட்ட சொன்னேனே..."

"ஆமாம்மா. இப்ப பரவால்லயா?"

"அது கெடக்கட்டும். அத உங்க கூட்டத்துல போட்றாதம்மா. உனக்குப் புண்ணியமா போவும்."

சொல்லிவிட்டுப் போயே விட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்த அம்மாள் கெஞ்சிவிட்டுப் போனாள். பொன்மலருக்கு நின்ற இடத்திலேயே அழுகை முட்டியது.

டீ பிரேக் மணி அடித்ததும் அவள் நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள். நிஷா எழுந்திருக்கவில்லை. கை மெஷின் மேலேயே இருந்தது.

"நிஷா, என்னத் திட்டு. அடி. ஆனா பேசு."

"இன்னா பேசறதுக்கா? பேசுனதெல்லாம் போதாதா?"

"அவர் அப்பிடிப் பண்ணுவாருன்னு நான் சத்தியமா நெனைக்கல."

நிஷா நிமிர்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உங்க சாமிகிட்ட சொல்லுங்கன்னேன். தெருகிட்ட சொல்லச் சொன்னேனா?"

பொன்மலர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எங்க மாமியார் என்னை மலடின்னு எத்தன தடவ சொல்லியிருக்கு, தெரியுமா? விசேஷ வீட்ல தள்ளி உக்கார வெச்சிருக்கு. புள்ள வரம் கேட்டு விரிஞ்சிபுரம் குளத்துல கார்த்திகை குளிர்ல முங்கி, ஈரப்புடவையோட கோயில்ல படுத்துக் கெடந்தேன். எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு தெரிஞ்சே படுத்தேன். எதுக்கு? அவர் தலை குனியக் கூடாதுன்னு. அத்தனையும் நான் வாங்கிக் கட்டிக்கிட்டது ஒரு நிமிஷத்துல போச்சு. உங்க வூட்டுக்காரர் ஆமென்னு முடிச்சிட்டாரு."

"நிஷா..."

"நாளைக்கு வேலூர்ல ஆஸ்பத்திரிக்குப் போகணும். டிரீட்மென்ட் ஆரம்பிக்கற நாள். எத்தன மாசம் காத்திருந்து கெடச்ச தேதி! வர மாட்டேன்னுட்டார். எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு வர்றதுன்னு கேக்கறார். நாளைக்கு விட்டா மறுபடி எப்ப கூப்டுவாங்கன்னு தெரியாது. அதுக்குள்ள மாமியார் அவருக்கு வேற பொண்ணு பாத்துடும். ஏற்கெனவே நாட்றம்பள்ளில எவளையோ பாத்து வெச்சிருக்கு." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீங்க கண்ண மூடிக்கிட்டு உக்காருவீங்களே, அதப் பாக்கறப்ப எனக்கு நெஞ்சுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். இனிமே அதப் பாத்தா பத்திக்கிட்டு எரியும். எழுந்து போங்கக்கா."

அன்று பொன்மலர் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

* * *

சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் வாசலில் நாற்காலி போட்டாகிவிட்டது. டைட்டஸ் வெள்ளைச் சட்டை போட்டு, மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பாக்ஸ் இன்னமும் எதிர்வீட்டைப் பார்த்தே நின்றது.

பொன்மலர் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்குக் கூட்டம் வேணாம். வாங்க, ரெண்டு பேரும் போய் ராஜேஷ் காலப் பிடிப்போம்."

"கடைசி நாள் கூட்டத்த நிறுத்தறதா? நம்ம சபை ஆயர் வர்றாரு. சபைல நாலு பேர் கேட்டா என்ன சொல்றது?"

"நாலு பேருக்குப் பயப்படறீங்களா? ராஜேஷ் பேரச் சொன்னீங்களே, அப்ப அந்த நாலு பேர் தெரியலையா?" அவள் குரல் உயர்ந்தது. "நம்ம இவான் பேர எந்தக் கூட்டத்துலங்க சொன்னீங்க? சொல்லுங்க!"

டைட்டஸின் முகம் சுருங்கியது.

அவர்களுடைய ஒரே பிள்ளை இவான், ஊராரைப் பொறுத்தவரை பெங்களூரில் வேலை பார்க்கிறான். நிஜத்தில் அவன் நாட்றம்பள்ளி தாண்டி ஒரு குடிமறுவாழ்வு மையத்தில் இருக்கிறான். நிதானமில்லாமல் கிடந்தவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது ராஜேஷின் ஆட்டோதான். அன்றிலிருந்து இன்றுவரை ராஜேஷ் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிஷா பொன்மலரிடம் ஒரு தடவையாவது கேட்டிருப்பாள்.

"நம்ம புள்ள வேற" என்றார் டைட்டஸ், மெதுவாக.

"எப்பிடி வேற?"

அவர் வெளியே போய்விட்டார். கணக்கு வாத்தியாருக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை.

முதல் பாட்டு முடிவதற்குள் சுந்தரியம்மாள் நடுத்தெருவுக்கு வந்துவிட்டாள். ராத்திரி ராஜேஷைப் பார்த்துச் சிரித்த ஸ்டாண்டு ஆட்களே ஏழெட்டுப் பேர், மதமாற்றம் என்றதும் அவள் பின்னால் வந்தார்கள். "நிறுத்துடா மைக்கை!" என்று ஒருத்தன் கத்தினான். நாற்காலியில் இருந்த பெண்கள் பைபிளை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

டைட்டஸ் அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். மைக்கில் என்ன சொன்னார் தெரியுமா? "சாத்தான் ஆத்துமாக்களைத் தடுக்கப் பார்க்கிறான்! ஸ்தோத்திரம் சொல்லுங்கள்!"

"யார்றா சாத்தான்?" என்று சுந்தரியம்மாள் பாய்ந்தாள். முன்வரிசை நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. தெரு மொத்தமும் வாசலில் நின்றது. எதிர்வீட்டுக் கதவில் சாய்ந்து நிஷாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜேஷ் ஆட்டோ பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பொன்மலர் புருஷன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் கேளுங்க. நேத்து இந்த மைக்குல ஒருத்தர் பேர் வந்தது. ஒரு பொண்ணு என்னை நம்பிச் சொன்னத, நான் வீட்ல சொன்னேன். தப்பு என்னுது. அந்த வீட்டு மானத்தச் சந்திக்கு இழுத்துட்டோம். அவங்கள யாரும் இனிமே கேலி பண்ணக் கூடாது. கொறை இல்லாத வீடு எது? எங்க வீட்ட எடுத்துக்கங்க. நாங்க ஊருக்கெல்லாம் பொய் சொல்லிட்டிருக்கோம். என் புள்ள இவான் பெங்களூர்ல இல்ல. அவன்..."

"அக்கா!"

ராஜேஷ் போட்ட சத்தத்தில் நாய் ஒன்று ஓடியது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலிகளைத் தள்ளியபடி பந்தலுக்குள் நுழைந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று டைட்டஸ் பின்வாங்கினார். ஆயர் ஒரு தூணின் பின்னால் ஒதுங்கினார். ராஜேஷ் யாரையும் தொடவில்லை. சுவரோரம் குனிந்து ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். பிளக் தெறித்தது. பாக்ஸ் இரண்டும் அடங்கின.

"அடிங்கடா!" என்று ஸ்டாண்டு ஆட்கள் விசில் அடித்தார்கள். "ஐயோ, கூட்டத்தக் கலைக்கறாங்களே!" என்று பெண்கள் அலறினார்கள். அந்த அமளியில் ராஜேஷ் பொன்மலரின் கையிலிருந்த செத்த மைக்கைப் பிடுங்கி நாற்காலியில் எறிந்தான். அவனுடைய மூச்சு அவள் முகத்தில் பட்டது.

"புத்தி இருக்காக்கா உங்களுக்கு? இன்னொருத்தன் பேர எடுத்து இன்னொரு தபா கடை பரப்பறீங்க! அவன் திரும்பி வந்து இந்தத் தெருவுலதான நடக்கணும்? அவன் விஷயத்த அவன் சொல்லட்டும், இல்ல சொல்லாம போகட்டும். நீங்க யாரு?"

பொன்மலருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு தவறுக்குப் பரிகாரம் என்று அதே தவறையே செய்ய வாயைத் திறந்திருக்கிறாள். அதுவும் சொந்தப் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளையின் மானத்தை, இவர்களால் மானம் போனவன் வந்து காப்பாற்றிவிட்டான்.

ராஜேஷ் குரலை இறக்கினான். ஆனால் காரம் குறையவில்லை.

"நாளைக்கு அவளுக்கு லீவு போடுங்க. வேலூர் போறோம். ஊரே பேசியாச்சு, இனிமே எனக்கு வெக்கப்பட இன்னா மிச்சம்? ஆனா எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கால்ல உழுந்து தடுத்துடும். யாருக்கும் மூச்சு விடக் கூடாது. சார்கிட்ட கூட. சொன்னீங்க, ஜென்மத்துக்கும் உங்க மூஞ்சில முழிக்க மாட்டோம்."

"சொல்ல மாட்டேன் ராஜேஷு."

"ஜெபம் பண்றதா இருந்தா வாயத் தொறக்காம பண்ணுங்க."

சொல்லிவிட்டு, கவிழ்ந்து கிடந்த நாற்காலியைக் காலால் ஒரு எத்து எத்திவிட்டுப் போனான். தெரு அதைத்தான் பார்த்தது.

* * *

கூட்டம் கலைந்தது. டைட்டஸ் பிய்ந்த பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இவான் பேர் வந்தபோது அவர் முகம் வெளுத்ததையும், மைக் அடங்கியதும் அந்த முகத்தில் ஒரு கணம் நிம்மதி வந்ததையும் பொன்மலர் பார்த்திருந்தாள். இப்போது அந்த நிம்மதியைக் காணோம்.

"விட மாட்டேன்" என்றார். "பந்தல்ல பூந்து, உன் கையிலேர்ந்து மைக்கப் புடுங்கியிருக்கான். சபைல நாலு பேர் ஸ்டேஷனுக்கு வர்றேன்னாங்க. ராத்திரியே தூக்கிடுவாங்க. நாளைக்கு முழுக்க உள்ள உக்காரட்டும். அப்பதான் புத்தி வரும்."

நாளைக்கு முழுக்க!

"வேணாங்க. நாளைக்கு வேணாம்."

"அதென்ன நாளைக்கு வேணாம்? நாளைக்கு என்ன?"

பொன்மலர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாளைக்கு ராஜேஷ் எங்கே போக வேண்டியவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டைட்டஸ் கல்நெஞ்சக்காரர் இல்லை. உடனே நின்றுவிடுவார். நின்றுவிட்டு, தூணோரம் ஆயரோடு காத்திருக்கும் அந்த நாலு பேரிடம் ஏன் நின்றேன் என்று சொல்வார். அவர்களும் ஜெபிப்பார்கள்.

"உங்கிட்ட என்ன சொன்னான் அவன்? மிரட்டினானா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லையென்று.

"பின்ன காதுகிட்ட வந்து என்ன பேசினான்? சொல்லு பொன்னு. இருபத்தி நாலு வருஷமா எங்கிட்ட எதையாவது மறைச்சிருக்கியா நீ?"

மறைத்ததில்லை. அதனால்தானே இத்தனையும்.

டைட்டஸ் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவருக்கு முன்னால் பொன்மலர் ஓடிப்போய் ஸ்கூட்டர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ நிற்பது தெரிந்தது.

"எறங்கு. தெரு பாக்குது."

அவள் இறங்கவில்லை.

"காரணத்தச் சொல்லு. எறங்க வேணாம், நானே போகல. ஒரே ஒரு வார்த்தை சொல்லு!"

பொன்மலர் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடுகூட அசையவில்லை.